காட்டின் சுற்றளவும் என் ஸ்வெட்டர் பொத்தானும்

நான் சொல்லப்போவதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. வாயில் மிச்சமிருக்கிற ஆறு பல்லின் மேல் சத்தியம். போதாது என்றால் டாக்டர் கட்டிக்கொடுத்த பல்செட்டின் மேலும் சத்தியம். கொஞ்சம் சத்தமாகவே சொல்கிறேன், கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் கேட்கட்டும்.

மரத்தைக் கட்டிப்பிடிப்பதற்குக் கூலி தருகிற வேலை உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதை நான் பார்த்தேன், அறுபத்தெட்டு வயதில் இன்னும் பார்க்கிறேன். டேப் பிடிக்கிற வேலை. பத்து வருஷத்துக்கு ஒரு தடவை, அதே காட்டில், அதே இடத்தில், அதே மரங்களைச் சுற்றி டேப்பைப் போட்டுச் சுற்றளவைக் கத்திச் சொல்ல வேண்டும். கீழே கிடக்கிற சருகை நிறுக்க வேண்டும். மண்ணைத் தோண்டிப் பையில் கட்ட வேண்டும். காற்றிலிருந்து மரம் இழுத்துக்கொண்ட கரி அதன் உடம்பில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது, மண்ணுக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறது, போன தடவையைவிடக் கூடியதா குறைந்ததா என்று நாட்டில் இருக்கிற காடுகளுக்கெல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்ப்பார்கள். கணக்குப் பார்க்கிறவர்கள் நாற்காலியில் இருக்கிறார்கள். கட்டிப்பிடிக்கிறவர்கள் நாங்கள்.

வெளியில் போய் எதையாவது அளந்து, எண்ணி, எழுதிக்கொண்டு வருகிற அன்பர்களே, மழையில் தாள் நனைந்தவர்களே, அட்டைக்கு ரத்தம் கொடுத்தவர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அளக்கிறவன் ஓர் ஓரத்தில் செய்கிற சின்னக் கோணல் மெதுவாக நடந்துபோய் நாட்டுக் கணக்கில் உட்கார்ந்துகொள்ளும். நான் செய்த கோணலால் போன வருஷம் ஒரு பெண்ணின் வேலையே போயிருக்கும். காரணம், என் ஸ்வெட்டரின் இரண்டாவது பொத்தான். வரிசையாகச் சொல்கிறேன், இடையில் சிரிக்காமல் கேளுங்கள்.

நடுவட்டத்தில் ஒரு விளக்கம்

எங்கள் கூட்டத்தில் மூன்று பேர். நளினி அம்மிணி எங்களுக்கு மேலதிகாரி. கோபிப் பக்கத்துப் பெண், முப்பது வயது, ஒப்பந்த வேலை. நான் கத்துகிற எண்ணைத் திருப்பிச் சொல்லிச் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவது அவர்தான். அடுத்தவன் மாரிமுத்து. இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலியாட்களின் வரிசை வீட்டில் பிறந்து, சின்ன வயதில் அப்பா அம்மாவோடு கப்பலேறி இந்தப் பக்கம் வந்தவன். தேயிலைக் கிளை நறுக்குகிற கவ்வாத்துக் கத்தியால் புதரை விலக்கி வழி செய்வான். இத்தனை வருஷம் ஆகியும் டீயைத் தேத்தண்ணி என்றும் சர்க்கரையைச் சீனி என்றும்தான் சொல்வான். மூன்றாவது ஆள் நான், காந்தல் ரங்கசாமி.

நடுவட்டத்தில் பஸ் இறங்கி டீக்கடையில் நின்றோம். என் கழுத்தில் டேப் தொங்குவதைப் பார்த்து, தைக்கிறதுக்கு எந்த ஊட்டுக்குப் போறீங்க என்று கேட்டார் கடைக்காரர். தையல் இல்லை, மரத்தை அளக்கப் போகிறோம் என்று ஆரம்பித்து, மரம் காற்றைத் தின்பதையும் கரியை வயிற்றில் வைத்துக்கொள்வதையும், கூடினால் நல்லது, குறைந்தால் வருத்தம் என்பதையும் ஒரு டீ ஆறுகிற நேரம் விளக்கினேன். அவர் பால் சட்டியைக் கிண்டுவதை நிறுத்தவே இல்லை. முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அப்ப நீங்க காட்டுக்கு எடை பாக்கற ஆளுங்க. அப்படியே பசி எப்படி இருக்குதுன்னும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துருங்க."

குச்சியைத் தூக்கிப்போன காட்டெருமை

மரத்தை நினைத்த இடத்தில் அளந்துவிட முடியாது. தரையிலிருந்து ஒரு மீட்டர் முப்பத்தேழு சென்டிமீட்டர். மார்பளவு உயரம் என்று பெயர். நாடு முழுக்க அதுதான். முதல் சுற்றில் அந்த உயரத்துக்கு நறுக்கிய ஒரு மூங்கில் குச்சி கொடுத்தார்கள். அளந்த இடத்தில் மரத்தில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடும் போட்டோம். ஆனால் இது நீலகிரிச் சோலை. இரண்டு மழைக்காலம் போனால் கோட்டின் மேல் பாசி மெத்தை விரித்துவிடும். அடுத்த சுற்றில் பாசியைச் சுரண்டி, கோட்டைக் கண்டுபிடித்து, அங்கேயே அளக்க வேண்டும் என்பது ஆபீஸ் சட்டம். கையில் குச்சி இருக்கும்போது எதற்குச் சுரண்ட வேண்டும் என்பது என் சட்டம்.

இரண்டாம் சுற்றின் முதல் வாரம் குச்சி போயிற்று. எப்படிப் போயிற்று என்றால், மூடுபனிக்குள்ளிருந்து ஒரு காட்டெருமை வந்தது. சாதாரண எருமை இல்லை. கொம்புக்கும் கொம்புக்கும் நடுவில் ஒரு கட்டில் போடலாம். என்னைப் பார்த்தது, குச்சியைப் பார்த்தது, குச்சியைக் கவ்விக்கொண்டு பட்டாளத்து அதிகாரி மாதிரி கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டது. எருமைக்குக் கக்கம் ஏது என்று கேட்கிறவர்கள் காட்டெருமையை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை.

அப்போதிருந்த ஆபீசர் நல்ல மனுஷன். திட்டவில்லை. என்னை நிமிர்ந்து நிற்கச் சொல்லி டேப்பை வைத்துப் பார்த்தார். என் மனைவி சரோஜா அந்த வருஷம்தான் பின்னிக்கொடுத்த புது ஸ்வெட்டர். மேலிருந்து இரண்டாவது பொத்தான் சரியாக ஒன்று முப்பத்தேழில் நின்றது. ஆண்டவன் கருணை என்று சொல்லி, ஆபீஸ் கோப்பிலேயே எழுதிவிட்டார்: "டேப் பிடிப்பவரின் இரண்டாவது பொத்தான் = 1.37." கீழே கையெழுத்து, முத்திரை. அன்றிலிருந்து அரசாங்கம் ஒப்புக்கொண்ட பொத்தானோடு நான் நடமாடினேன். எருமை வந்ததை நீயும் பார்த்தாய் அல்லவா என்று மாரிமுத்துவைச் சாட்சிக்கு இழுத்தேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:

"பார்த்தேன் அண்ணே. சீனிதான் கொஞ்சம் கம்மி."

சீனியை எதற்கு இழுத்தான் என்று இப்போது கேட்காதீர்கள்.

பனி அளந்த நாள்

மூன்றாம் சுற்று, போன வருஷம் ஆரம்பித்தது. நளினி அம்மிணி முதல் நாளே குச்சி எங்கே என்று கேட்டார். கோப்பைப் பிரித்துக் காட்டினேன். படித்தார், பொத்தானைப் பார்த்தார், முத்திரையைப் பார்த்தார், கோப்பை மூடித் திருப்பிக் கொடுத்தார். கோப்பில் இருப்பதை நம்புகிற நல்ல பெண்.

அந்த வாரம் இறங்கிய மூடுபனியை நான் என்னவென்று சொல்ல. கையை நீட்டினால் மணிக்கட்டுக்கு அப்பால் கை யாருடையது என்று தெரியாது. தடவித் தடவிப் போய் ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்தேன், டேப்பைச் சுற்றினேன், நூற்றுப் பத்து என்று கத்தினேன். அம்மிணி எழுதினார். பத்து நிமிஷத்தில் காற்றடித்துப் பனி விலகியது. நான் வெறும் வெளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அவ்வளவு கெட்டியான பனி, டேப்பே நழுவாமல் நின்றது. அம்மிணி பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் கேட்டார்:

"அய்யா, இந்த மரத்துக்கு என்ன இனம்னு எழுதட்டுங்க? பனின்னா?"

மண் பயணம் போனது

காட்டுக்காரர்கள் அல்லாதவர்கள் மரத்தை மட்டும் பார்ப்பார்கள். இந்த மலையில் கரி அதிகம் ஒளிந்திருப்பது புல்வெளிக்கு அடியில். மேலே பார்த்தால் மொட்டை. தோண்டினால் கறுப்பு அல்வா மாதிரி மண். எத்தனையோ தலைமுறைப் புல் செத்துச் செத்துச் சேர்த்த சொத்து. அதைப் பைபையாகக் கட்டி, சோதித்துப் பார்க்கக் கோயமுத்தூருக்கு அனுப்ப வேண்டும். மூட்டையோடு என்னைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள்.

கண்டக்டர் மூட்டையைக் காலால் தட்டினார். கேரட்டா, உருளைக்கிழங்கா என்று கேட்டார். மண் என்றேன். மறுபடியும் கேட்டார். மறுபடியும் மண் என்றேன். பிரித்துக் காட்டச் சொன்னார், காட்டினேன். ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்துகூடப் பார்த்தார். பர்லியாறு வரைக்கும் டிக்கெட் கிழித்துக்கொண்டே போனார். மனசுக்குள் போட்டுப் புரட்டியிருக்கிறார். கடைசியில் ரொம்பப் பரிவாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டார்:

"ஏனுங்க பெரியவரே, தப்பா நெனைக்காதீங்க. கோயமுத்தூர்ல மண்ணு இல்லைன்னு யாருங்க உங்ககிட்டச் சொன்னது?"

பதினேழாம் நம்பர்

ஒவ்வொரு அளவுக்கட்டத்திலும், அதாவது அளப்பதற்கென்று குறித்துவைத்த துண்டு நிலத்திலும், மரங்களுக்குத் தகரத்தில் நம்பர் அடித்துத் தொங்கவிட்டிருப்போம். நடுவட்டம் சோலையில் பதினேழாம் நம்பர் ஒரு நாவல் மரம். ராட்சசன். அடிப்பக்கம் யானைக்கால் மாதிரி அகன்று, மேலே போகப் போக இளைக்கும். ஒருத்தன் கை போதாது. நான் ஒரு பக்கம், மாரிமுத்து மறுபக்கம், இருவரும் கன்னத்தை மரத்தில் அழுத்திக்கொண்டு, ஒருவன் கையை ஒருவன் தேடிப் பிடித்து டேப்பைக் கடத்த வேண்டும். பொத்தான் உயரத்தில் டேப்பை நிறுத்தினேன். முந்நூற்று முப்பத்தெட்டு. போன சுற்றில் முந்நூற்றுப் பத்தொன்பது. பார்த்தீர்களா எப்படிப் பெருத்திருக்கிறான் என்று எனக்கு ஒரே பெருமை, நான்தான் சோறு போட்டு வளர்த்த மாதிரி.

அந்த மரம் ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியும். காரை நிறுத்திவிட்டு ஒரு புதுமணத் தம்பதி படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கிழவர்கள் ஒரு மரத்தை நடுவில் வைத்துக்கொண்டு கைகோத்து நிற்பதைப் பார்த்து அந்தப் பெண் ஃபோனைக் கீழே இறக்கினாள். புருஷன் தோளில் இடித்துச் சொன்னது எங்கள் காதில் நன்றாக விழுந்தது:

"பாத்துக்கோங்க. அந்த வயசுல நீங்க என் கையை இப்படிப் பிடிப்பீங்களா?"

பூஜ்யம்

அடுத்த கட்டம் சீகை மரக்காடு. வெள்ளைக்காரன் காலத்தில் வெளியூரிலிருந்து கொண்டுவந்து நட்டு, அது பாட்டுக்குப் பரவிப் புல்வெளியை விழுங்கிய மரம். போன இரண்டு சுற்றிலும் அங்கே கட்டிப்பிடித்துக் கட்டிப்பிடித்து என் கை வலித்தது. இந்த முறை போனால் ஒரு மரமும் இல்லை. புல்வெளியைத் திரும்பக் கொண்டுவருவதற்காகச் சீகையை வெட்டி எடுத்துவிட்டார்கள். தகர நம்பர் இரண்டு மட்டும் புல்லில் கிடந்தது.

கரிக்கணக்கில் இது பெரிய இறக்கம். பக்கத்தில் நாலு கற்பூர மரம் நிற்கிறது, கட்டத்தை அந்தப் பக்கம் கொஞ்சம் நகர்த்திக்கொள்ளலாமா என்று நான் அம்மிணிக்கு யோசனை சொன்னேன். நளினி அம்மிணி என்னைப் பார்த்த பார்வையில் அட்டைகூட உதிர்ந்திருக்கும். சீட்டில் மரம் என்கிற இடத்தில் வட்டமாகப் பூஜ்யம் போட்டு, அழுத்தமாகக் கையெழுத்தும் போட்டார். உள்ளதை எழுதத்தான் வந்தோம் என்றார். அந்தக் கையெழுத்து எனக்குப் பின்னால் ஞாபகம் வரப்போகிறது என்று அப்போது தெரியாது.

ஒரு படகர் அம்மாள் தலையில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு வரப்பில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மரம் போயிற்றே என்று நான் முகத்தைத் தொங்கப்போட்டதைக் கவனித்திருக்கிறார். கீழே பள்ளத்தைக் காட்டிச் சொன்னார்:

"மரம் போச்சுன்னு அழுவாதீங்க. ஓடை திரும்ப வந்துருச்சு. அந்தப் பக்கம் கால் நனையாமப் போங்க, பாக்கலாம்."

முழங்கால் வரை நனைந்தோம்.

பரணில் இருந்த சட்டி

சீட்டுகளையெல்லாம் அனுப்பி ஒரு மாதம் ஆயிற்று. மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. சோலைக் கட்டங்களில் மரங்கள் பெருத்திருக்கிற வேகம் நம்பும்படியாக இல்லை, எந்த மரமும் இப்படிப் பெருக்காது, சோதனைக்கு ஆள் வருகிறார், அளவு பொய் என்று தெரிந்தால் மொத்தச் சீட்டும் தள்ளுபடி, எழுதியவரின் ஒப்பந்தமும் அதோடு முடிந்தது என்று இருந்தது. நளினி அம்மிணி அதை இரண்டு தடவை வாசித்தார். நாம அளந்ததைத்தானே எழுதினோம், வரட்டும் என்றார். கடிதத்தை மடித்துச் சீட்டுக் கட்டுக்குள் செருகினார்.

எனக்கு ஏதோ உறுத்தியது. வீட்டுக்குப் போனதும் கதவை ஒட்டி நிமிர்ந்து நின்று, பொத்தானிலிருந்து டேப்பைத் தொங்கவிட்டேன். ஒன்று முப்பது. நான்கு விரல் கீழே. டேப் தப்பு என்று வேறு டேப்பை எடுத்தேன். அதிலும் ஒன்று முப்பது. முதல் ஸ்வெட்டர் தொங்கித் தொங்கி நீண்டிருக்கிறது. அது கிழிந்தபோது, அதையே பக்கத்தில் வைத்து அளவு பார்த்துத்தான் சரோஜா இந்த ஸ்வெட்டரைப் பின்னியிருக்கிறாள். பாதிக் குற்றம் கம்பளி மேல் என்று ஆறுதலாக இருந்தது. மீதிப் பாதி எங்கே போயிற்று என்று அவளிடம் கேட்டேன். அவள் காயை நறுக்கிக்கொண்டே, பரண்ல இருக்கற சட்டிய இப்பெல்லாம் நான்தானுங்களே எடுத்துக் குடுக்கறேன் என்றாள். பத்து வருஷத்துக்கு முன்னால் அந்தச் சட்டியை எடுத்துக் கொடுத்தவன் நான். அவள் வளரவில்லை.

அப்போதுதான் பளிச்சென்று விளங்கியது. பொத்தான் இறங்கினால் டேப் இறங்கும். டேப் இறங்கினால் சோலை மரத்தின் அகன்ற அடிப்பக்கத்தில் போய் நிற்கும். நான் குட்டையாகக் குட்டையாக நாட்டின் கரி கூடிக்கொண்டே போயிருக்கிறது. இதை வெளியில் சொன்னால் டேப் என் கழுத்திலிருந்து இறங்கிவிடும். யோசித்தேன். சோதனைக்காரர் வருவதற்குள் பொத்தானை நான்கு விரல் மேலே தூக்கித் தைத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? சரோஜாவிடம் ஊசியைக் கொடுத்தேன். எதற்கு என்றாள். அழகுக்கு என்றேன். தைத்து முடித்து நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே சொன்னாள்:

"பொத்தான மேல தூக்குனா ஆளும் உசந்துருவீங்களாக்கும்."

சோதனை

சோதனைக்கு வந்த சார் ஒல்லியாக, உயரமாக இருந்தார். மலைக்குக் கீழே சமவெளியிலிருந்து வந்தவர், குளிருக்கு மூன்று மஃப்ளர் சுற்றியிருந்தார். கையில் சொந்தமாக ஒரு குச்சி. நேராகப் பதினேழாம் நம்பருக்குப் போனார். குச்சியை ஊன்றினார், என் பொத்தானைப் பார்த்தார். பொத்தான் குச்சியின் நுனியோடு மயிரிழை பிசகாமல் நின்றது. நான் பல்செட்டைக் காட்டிச் சிரித்தேன். அளக்கச் சொன்னார். நானும் மாரிமுத்துவும் கைகோத்து அளந்தோம். முந்நூற்று இருபத்தாறு.

சீட்டைப் பார்த்தார். முந்நூற்று முப்பத்தெட்டு. பதினெட்டாம் நம்பர், இருபதாம் நம்பர், எல்லாமே சீட்டில் கூட, மரத்தில் குறைச்சல். அவர் என் பக்கம் திரும்பவில்லை. நளினி அம்மிணி பக்கம் திரும்பினார். டேப் பிடிக்கிறவர் சரியாத்தான் பிடிக்கிறார், அப்ப இந்த நம்பரெல்லாம் எங்க உட்கார்ந்து எழுதினது என்று கேட்டார். காட்டுக்கே வராமல் அறைக்குள் உட்கார்ந்து எழுதிவிட்டார் என்கிற அர்த்தத்தில். அம்மிணிக்கு ஒன்றும் புரியவில்லை. இங்கதானுங்க சார், அய்யா சொன்னதத்தான் எழுதினேன் என்று என்னைப் பார்த்தார். பூஜ்யத்துக்குக்கூட அழுத்திக் கையெழுத்துப் போட்ட பெண். இப்போது என் பொத்தான் சரி, அவர் எழுத்துப் பொய் என்று ஆகிவிட்டது. என்னைக் காப்பாற்றிக்கொள்ள நான் போட்ட நாலு தையல் அவர் வேலையைத் தைத்து மூடப் போகிறது.

அன்பர்களே, நான் பொய்க்குப் பழகினவன் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இது தாங்கவில்லை. என் மஃப்ளரை அவிழ்த்து, ஸ்வெட்டரை இழுத்துக் காட்டினேன். பொத்தானுக்கு நான்கு விரல் கீழே கம்பளியில் ஒரு ரூபாய் அகலத்துக்கு வட்டம்; மற்ற இடமெல்லாம் வெயிலில் வெளுத்திருக்க, பொத்தான் மூடியிருந்த இடம் மட்டும் புதுப் பச்சையாக இருந்தது. நடுவில் பழைய நூல் ஓட்டை. பொத்தான் முந்தாநாள் வரை இங்கே இருந்தது சார், நான்தான் ஏற்றிவிட்டேன், இந்த ஓட்டையில் வைத்து அளந்து பாருங்கள் என்றேன். என்னை மரத்தோடு நிறுத்தி, ஓட்டை இருந்த உயரத்தில் டேப்பைப் போட்டார். முந்நூற்று முப்பத்தெட்டு. பதினெட்டாம் நம்பரும் சீட்டோடு ஒத்தது. இருபதும் ஒத்தது. அம்மிணி எழுதியதில் ஓர் எண்கூடத் தப்பில்லை. என்னுடைய உயரம்தான் தப்பு.

அதற்கப்புறம் எல்லாம் வெளியே வந்தது. குச்சி ஏன் இல்லாமல் போயிற்று என்றார். நான் காட்டெருமையை வரவழைக்க வாயைத் திறந்தேன். மாரிமுத்து முந்திக்கொண்டான். அன்னைக்கு மழைங்க சார், விறகெல்லாம் நனைஞ்சு போச்சு, குச்சி ஒண்ணுதான் காஞ்சு கிடந்துச்சு, அண்ணன் அதை ஒடிச்சுத் தேத்தண்ணி வெச்சாரு, நானும் குடிச்சேன், சீனி கம்மி என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டான். பத்து வருஷமாக வயிற்றில் வைத்திருந்தவன். அந்தக் குச்சியில் இருந்த கரியும் வானத்துக்குத்தான் போயிற்று. அதை எந்தச் சீட்டிலும் எழுதவில்லை.

சார் சிரித்தாரா, இருமினாரா, மூன்று மஃப்ளருக்கு உள்ளே தெரியவில்லை. கவ்வாத்துக் கத்தியை வாங்கிப் பதினேழாம் நம்பரின் பாசியைத் தானே சுரண்டினார். உள்ளே இருபது வருஷத்துச் சிவப்புக் கோடு, நேற்றுப் போட்ட மாதிரி. அவருடைய குச்சியின் நுனி அதில்தான் நின்றது. கோடு எல்லா மரத்திலும் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அப்படியானால் சோலைக் கட்டங்களை மட்டும் கோட்டில் வைத்து மறுபடி அளந்தால் போதும், மண்ணும் சருகும் பூஜ்யமும் அப்படியே நிற்கும் என்று சொல்லி, சீட்டின் ஓரத்தில் எழுதினார்: "எழுதியவர் மேல் குற்றமில்லை." அம்மிணி அதைப் படித்துவிட்டு ஒரு மரத்தில் சாய்ந்து நின்றார். பிறகு என் முறை. திட்டு வாங்கத் தயாராக நிமிர்ந்து நின்றேன், என்னால் முடிந்த அளவு. சார் முந்நூற்று இருபத்தாறையும் போன சுற்றின் முந்நூற்றுப் பத்தொன்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"காடு நெசமாவே வளந்துருக்கு பெரியவரே. நீங்க மட்டும்தான் குறைஞ்சிருக்கீங்க."

புதுக் குச்சி

பன்னிரண்டு நாள் மறுபடி அளந்தோம். பாசி சுரண்டுகிற வேலை முழுக்க எனக்கு; தண்டனை என்று ஒருவரும் சொல்லவில்லை, கத்தியை மட்டும் என் கையில் கொடுத்தார்கள். ஒவ்வொரு கோடும் வெளியே வரும்போது பழைய கூட்டாளியைப் பார்க்கிற மாதிரி இருந்தது. கூடித்தான் இருந்தது. நான் கத்தின அளவுக்கு இல்லை. ஆனால் மரம் மரமாக, சந்தேகமில்லாமல், உள்ளபடி கூடியிருந்தது. இருபத்திரண்டாம் நம்பரில் எண்ணைச் சொன்னபோது மாரிமுத்து கத்தியைத் தூக்கிப் பிடித்து ஆடிக்கூடக் காட்டினான்.

நளினி அம்மிணியின் ஒப்பந்தத்தை நீட்டித்துக் கடிதம் வந்த அன்று, அவரே எல்லோருக்கும் வர்க்கியும் டீயும் வாங்கிக்கொடுத்தார். என்னை வேலையிலிருந்து அனுப்பிவிடுவார் என்று நினைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். அவர் காகிதம் சுற்றிய நீளமான ஒன்றை என் மடியில் வைத்தார். பிரித்தேன். பளபளவென்று ஒரு குச்சி, நுனியில் 1.37 என்று பொறித்து, கீழே என் பெயரும் இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மிணி டீயை ஊதிக்கொண்டே சொன்னார்:

"அலுமினியமுங்க அய்யா. எவ்வளவு மழை பேஞ்சாலும் இதை எரிச்சு டீ போட முடியாது."

மொத்தத்தில், ஒரு குவளைத் தேத்தண்ணியும் ஒரு பொத்தானும் சேர்ந்து நாட்டின் காடுகளைக் கொஞ்ச காலம் பெருக்க வைத்த கதை இவ்வளவுதான், இதை ஊட்டி முழுக்கச் சொல்லிச் சிரித்துக்கொள்ளுங்கள், சொன்னது காந்தல் ரங்கசாமி என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.